மாதா கெபியில் ஆறு செம்பு

அந்தப் பொருளுக்குச் ‘செம்பு’ என்று பெயர் வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து என் முகத்தில் வீசுவதற்குள் நானே சொல்லிவிட்டால் மானம் மிச்சம்.

திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு இராயபுரத்தில். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். கடைந்து வருகிற இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரியானதை ஒரு பக்கமும் பிசகானதை இன்னொரு பக்கமும் வைப்பது என் வேலை. அதற்கு என் கையில் ஒரு கேஜ் இருக்கும். சாண் நீளக் கம்பி, இரண்டு முனையிலும் மரை. பச்சை முனைக்குப் பெயர் ‘கோ’. அது சாமானின் வாய்க்குள் சுகமாகத் திருகிக்கொண்டு போக வேண்டும். சிவப்பு முனைக்குப் பெயர் ‘நோ-கோ’. அது உள்ளே போகக் கூடாது. பச்சை போய், சிவப்பு போகாமல் நின்றால் சாமான் பாஸ். என் நம்பர் போட்ட சீலைக் குத்தி அனுப்பிவிடுவேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு புது ஆர்டர் வந்தது. வரைபடத்தில் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். உருண்ட வயிறு, குறுகின வாய், வாய்க்குள்ளே மரை, வயிற்றுக்குக் கீழே ஒடுங்கிக் கூம்பிப் போகிற அடி. “இன்னா சார் இது?” என்று முதலாளியைக் கேட்டேன். “பம்பு பார்ட்டும்மா” என்றார். நம்பரைச் சொல்லி யார் கூப்பிடுவது? “பாக்கறதுக்குத் தண்ணி மொள்ற செம்பாட்டம் கீது” என்றேன். அன்றைக்கே பட்டறை முழுக்க அதுதான் பெயர். செம்பு எத்தினி ஆச்சு, செம்புக்குப் பெட்டி கட்டியாச்சா என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கட்டின பெட்டியின் மேல் ‘பம்பு பாகங்கள்’ என்று இங்கிலீஷில் அச்சடித்த தாளை ஒட்டுவதும் என் வேலைதான். பசை தடவி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவி ஒட்டுவேன். எதையும் நேர்த்தியாகச் செய்து தொலைக்கிற புத்தி எனக்கு.

மரை பிசகின செம்புகளைப் பழைய இரும்புக் குவியலில் போடுவார்கள். எனக்கு வயிறு எரியும். நல்ல கனம், நல்ல வழவழப்பு, வாயில் மட்டும் நூலளவு கோளாறு. அதற்காக உருக்கப் போடுவதா? வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அவ்வப்போது ஒவ்வொன்றாக ஆறு செம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோப்புப் பொடி போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மாதா அங்கியின் நிறத்தில் நீல பெயிண்ட் அடித்து, கழுத்தில் தங்க நிறத்தில் ஒரு வளையம் வரைந்தேன். எங்கள் சந்து முனையில் மாதா கெபி இருக்கிறது. குகை மாதிரி கட்டி, உள்ளே சொரூபம் வைத்திருப்பார்கள். அதுவரை அங்கே பூ வைக்க பிளாஸ்டிக் டப்பாதான். செம்பின் அடி கூம்பு என்பதால் தரையில் நிற்காது. எதிர்வீட்டு அக்காவும் நானும் சிமெண்ட் குழைத்து, மேடையில் ஆறு குழி வைத்து, அதில் நிறுத்தினோம். திருவிழாவுக்கு வந்த ஃபாதர், “ரொம்ப அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க?” என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இரண்டு நாடுகள் அடித்துக்கொள்கிற கரைகளுக்கு நடுவே குறுகலாக ஒரு கடல் இருக்கிறது. அவர் கப்பல் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். கப்பல்காரர்கள் அதைக் ‘கழுத்து’ என்பார்கள். சண்டை ஆரம்பித்ததிலிருந்து அங்கே சரக்குக் கப்பல்கள் மேலும் குண்டு விழுகிறது. கழுத்துக்குள் நுழைவதற்கு முதல் நாள் அவர் போன் பண்ணுவார். “இன்னாமே, நாளிக்குக் கழுத்து. செம்புல பூ வெய்யி” என்பார். நான் செவ்வந்தி வாங்கி ஆறு செம்பிலும் வைத்து, கப்பல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று சேதி வரும் வரைக்கும் ஜெபமாலை உருட்டுவேன். அந்தக் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். உலகத்தில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

டிவியில் இரண்டு நாட்டுக்காரர்களும் வருவார்கள். கோட்டு போட்ட ஒருவன், “சட்டப்படி எங்களுக்கு அடிக்க உரிமை உண்டு, இது தற்காப்பு” என்பான். மறுநாள் இன்னொரு கோட்டு வந்து அதே வார்த்தையைச் சொல்லும். இரண்டு பேரும் ஒரே சட்டப் புத்தகத்தைத்தான் காட்டுகிறார்கள். நம் ஊர் சேனலில் எட்டுப் பேர் எட்டுக் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதற்கு விளக்கம் சொல்லிக் கத்துவார்கள். “எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை இன்னாத்துக்குடா காயணும்?” என்று நான் டிவியைப் பார்த்துத் திட்டுவேன். “உன் வூட்டுக்காரர எலிப்புழுக்கன்றியா?” என்று அக்கா மடக்குவாள். அந்தக் கவலையிலும் சிரித்துத் தொலைப்பேன்.

நான் சொல்ல வந்த விஷயம் நடந்த மாதம், அதிசயமாக அவர் கப்பல் நம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கே வந்தது. ஏழு மாதம் கழித்து பஸ்ஸில் போகிற தூரத்தில் வந்து நிற்கிற மனுஷனைப் பார்க்க முடியவில்லை. அவர் இறங்க அனுமதி இல்லை, நான் உள்ளே போக அனுமதி இல்லை. கேட்டில் நின்று, கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஆளிடம் ஒரு பாட்டில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கைக் கெஞ்சிக் கொடுத்துவிட்டு, தூரத்தில் கிரேன் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “பெட்டிய ஏத்திகினே கீறானுங்கோ. மூச்சு வுட நேரமில்ல” என்று போனில் சொன்னார். பெட்டி என்றால் கன்டெய்னர். மறுநாள் காலையில் கப்பல் கிளம்பிவிட்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியாவில் போர்க்கால ஒத்திகை. நம் நாட்டு எல்லையிலும் ஏதோ முறுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. துறைமுகமும் எண்ணெய் டேங்கும் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்குக் கட்டாயம் பாடம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் உட்கார வைத்தார்கள். பாடம் எடுக்க வந்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். அபாயச் சங்கு ஊதினால் விளக்கை அணை, ஜன்னல் பக்கம் நிற்காதே, குப்புறப் படு என்று பொறுமையாகச் சொன்னார்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “சார், சண்டை வந்தா சர்ச்சுக்குள்ள பூந்துக்கலாமா? சர்ச்ச அடிக்க மாட்டாங்கல்ல?”

“சட்டம் அப்படித்தாம்மா சொல்லுது” என்றார் அவர். “கோயில், சர்ச், மசூதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இதெல்லாம் தொடக் கூடாது. ஆனா அதுக்குள்ள ஆயுதம் பதுக்கி வெச்சா அந்தப் பாதுகாப்பு போயிடும்.”

“நாங்க இன்னாத்தப் பதுக்கப் போறோம்? ஊதுவத்தியா?” என்றாள் அக்கா. ஹால் முழுக்கச் சிரிப்பு.

“ஆயுதம் செய்யற ஃபேக்டரிய அடிக்கலாமா சார்?” என்று யாரோ கேட்டார்கள். அடிக்கலாம், சட்டம் தடுக்காது, ஆனால் உள்ளே வேலை செய்கிற ஜனத்துக்கு எவ்வளவு சேதம் என்று பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்றார். யார் பார்ப்பார்கள் என்றதற்கு, “அடிக்கறவங்கதான்” என்று சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு இருப்பே கொள்ளவில்லை. எழுந்து நின்று கேட்டேன். “சரக்குக் கப்பல அடிக்கலாமா சார்?”

“அடிக்கக் கூடாதும்மா. ஆனா எதிரிக்கு ஆயுதம் கொண்டுபோவுதுன்னு சந்தேகம் வந்தா நிறுத்திச் சோதனை போடலாம். நிக்காம போனா அடிக்கலாம்னு இருக்கு.”

“இப்போ நிறுத்திக் கேக்கறானுங்களா?”

“இப்போ டிரோன்தானேம்மா. அது எங்க நின்னு கேக்கப் போவுது?”

இருந்தாலும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கப்பலில் ஆயுதமா இருக்கப் போகிறது? டைல்ஸும் துணியும் ஏற்றுகிற கப்பல் அது.

பாடம் முடிந்து, எங்கள் சந்தில் சங்குச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க அந்தப் பட்டாளத்துக்காரர் எங்களோடு நடந்து வந்தார். கெபி முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கை கும்பிட்டபடியே நிற்க, அவர் பார்வை மட்டும் மாதா காலடிக்கு இறங்கியது. ஒரு எட்டு பின்னால் வைத்து, இரண்டு கையையும் விரித்து எங்களைத் தடுத்தார். “எல்லாரும் பின்னால போங்க. குழந்தைங்கள எடுங்க. போங்கன்னா போங்க!”

இன்னா ஏதென்று புரியாமல் விலகினோம். அவர் மெதுவாகக் குனிந்து, ஒரு செம்பிலிருந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். ஆறையும் அப்படிப் பார்த்துவிட்டு, கெபிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “காலி ஓடுதான். உள்ள வெடிமருந்து இல்ல. பயப்பட வேணாம்” என்றார். “இதை யார் இங்க வெச்சது?”

நான் பெருமையாக முன்னால் போனேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. “நான்தான் சார். எங்க பட்டறை சாமான். பம்பு பார்ட்டு. பெயிண்ட் கூட நானே அடிச்சேன்.”

“அம்மா, இது மார்ட்டர் குண்டு” என்றார். “என் சர்வீஸ் பூரா இதைத்தான் குழாய்ல போட்டுச் சுட்டேன். இந்த மரையிலதான் வெடிக்கிற மூக்கைத் திருகுவாங்க. கீழ கூம்பா இருக்கு பாருங்க, அங்க வால் மாட்டுவாங்க, இறக்கையோட. பம்புல எங்கம்மா இப்படி ஒரு பாகம் இருக்கு?”

அவர் மேலே சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அவர் விரல் அந்த மரை மேல் இருந்தது. நாலு வருடமாக ஒவ்வொரு நாளும் பச்சை முனையை விட்டு, சுகமாகத் திருகுகிறதா என்று நான் பார்த்துப் பார்த்துப் பாஸ் போடுகிற மரை. கெபிக்கு வந்தது ஆறு. பெட்டியில் போனது எத்தனை?

“சேசுவே! இத்தினி வர்சமா குண்டு முன்னாலயா முட்டி போட்டுகினு கெடந்தோம்?” என்று அக்கா அலறினாள். யாரோ பின்னால் சிரித்தார்கள். அக்கா திரும்பி ஒரு முறை முறைத்தாள். பிறகு அவரிடம் கேட்டாள், “சார், இப்பதான சொன்னே, உள்ள ஆயுதம் வெச்சா சர்ச்சுனு பாக்க மாட்டானுங்கோன்னு?”

“காலி ஓடு ஆயுதம் ஆவாதும்மா. ஆனா மேல பறக்கறவனுக்குக் காலியா நெறஞ்சதான்னு எப்படித் தெரியும்?”

சேதி கேட்டு வந்த ஃபாதர், கோயில் ஸ்டோர் ரூமில் வைக்கலாமா என்று ஆரம்பித்தார். “அய்ய, கோயிலுக்குள்ள வோணாம் ஃபாதர்!” என்று சந்தே கத்தியது. எடுத்த இடத்திலேயே கொடுத்துவிடுங்கள் என்று பட்டாளத்துக்காரர் சொன்னார். மறுநாள் காலையில் ஆறையும் கோணிப்பையில் கட்டி, பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அம்மா, “இன்னா கனம் கனக்குது, பாத்திரமா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

முதலாளி மேஜையில் மூட்டையை டங்கென்று வைத்தேன். “இது இன்னா சார்?”

அவர் அவிழ்த்துப் பார்த்தார். நீல பெயிண்டைப் பார்த்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை அவருக்கு. கெட்ட மனுஷன் இல்லை அவர். என் மாமியார் சாவுக்கு வந்து கடைசி வரை நின்றவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எல்லாம் சட்டப்படிதாம்மா. எனக்கு ஆர்டர் குடுக்கறவன் லைசென்ஸ் வெச்சிருக்கான்.”

“கடைசில யார் கைக்குப் போவுது?”

“அதுக்கும் ஒரு பேப்பர் உண்டு. நாங்கதான் யூஸ் பண்ணுவோம்னு அந்த நாட்டுக்காரன் கையெழுத்து போட்டுத் தருவான்.”

“யார் மேல யூஸ் பண்ணுவோம்னு அதுல எழுதுவானா?”

அவர் ஒரு செம்பை எடுத்துத் திரும்பக் கோணிக்குள் வைத்தார். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. “அப்பறம் ஏன் சார் பம்புன்னு சொன்னே? என் கையாலயே ஏன் அந்தத் தாள ஒட்ட வெச்சே?”

“எனக்கும் மொதல்ல பம்புன்னுதான் சொன்னாங்க. தாள் அவன் அனுப்பறது. ஒரு வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும்.” மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார். “நீ அதுக்கப்பறம் கேக்கவே இல்லையேம்மா.”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதானே? பெயர் வைக்கத் தெரிந்தது, பெயிண்ட் அடிக்கத் தெரிந்தது. முதல் நாள் கேட்டதோடு சரி. பம்பு பாகத்துக்கு எதற்கு இறக்கை மாட்டுகிற மாதிரி ஒரு கூம்பு என்று நாலு வருடத்தில் ஒரு நாள் எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ மாட்டாரோ, நான் கேட்கவில்லை. வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே தட்டு நிறைய செம்பு வந்து காத்திருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அதையும் மறைத்து என்ன ஆகப் போகிறது. கை பாட்டுக்குக் கேஜை எடுத்தது. பச்சை போயிற்று, சிவப்பு போகவில்லை. அன்றைக்கும் சீல் குத்தினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி போட அடுப்பைப் பற்ற வைக்கும்போது போன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான்.

“இன்னாமே, தொக்கு சூப்பர். கேப்டன் வரிக்கும் துன்னுட்டு கேக்கறான். நாளிக்குக் கழுத்து.”

“யோவ்,” என்றேன். “கப்பல்ல இன்னா சரக்கு கீது?”

“இது இன்னா புச்சா கேக்குற?”

“கேக்கறேன், சொல்லேன்யா. நம்ம ஊர்ல இன்னா ஏத்துனாங்கோ?”

“லிஸ்ட்டு பார்த்தேன். பயப்படாத, அல்லாம் சாதா சரக்குதான். டைல்ஸு, துணி, வெங்காயம். அப்பால ஒரு பெட்டி பம்பு பார்ட்ஸு.” சிரித்தார். “உங்க பட்டறை மாதிரிதான்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வார்? நடுக்கடலில் ஒரு ஃபிட்டர், சீல் வைத்த பெட்டியை உடைத்துப் பார்ப்பாரா, தூக்கிக் கடலில் போடுவாரா? நம் ஊரில் எத்தனையோ பட்டறை, நிஜமாகவே பம்பு செய்கிறவன் இல்லையா? அந்தப் பெட்டியில் இருப்பது நிஜப் பம்பாகவே இருக்கலாம். என் நம்பர் குத்தினதாகவும் இருக்கலாம். நாளைக்கு மேலே பறந்து வருகிறவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது என் கணவருக்குத் தெரியாது.

“இன்னாமே, லைன்ல கீறியா? செம்புல பூ வெச்சியா?”

“வெச்சேன்” என்றேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவரிடம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

போனை வைத்துவிட்டு ஓடிப்போய் பூ வாங்கினேன். கெபி மேடையில் ஆறு குழியும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு கைப்பிடிச் செவ்வந்தியைப் போட்டுவிட்டு முட்டி போட்டேன். எனக்கு வேறு வேண்டுதல் தெரியாது. எப்போதும் வேண்டுகிறதையே வேண்டினேன். மாதாவே, அந்தக் கப்பலுக்கு ஒரு கீறல் விழக் கூடாது. அது நல்லபடியாகப் போய்ச் சேரணும். அக்கா வந்து பக்கத்தில் முட்டி போட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், பட்டறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

“தாண்டிட்டோம்மே! கரைய புட்ச்சாச்சு. முன்னால போன கப்பல அட்ச்சுட்டானுங்கோ, எங்களுக்கு ஒண்ணியும் ஆவல. மாதா கைவுடல.”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன். “அந்தப் பெட்டி?”

“எந்தப் பெட்டி?”

“பம்பு பெட்டி.”

“அதுவா? ஒரு கீறல் இல்லாம எறக்கியாச்சு. அத்த மட்டும் பட்டாளத்து லாரி வந்து தூக்கினு பூட்ச்சு, அவ்ளோ அவசரம். தண்ணிக்கு ரொம்பக் கஷ்டம் போல அந்த ஊர்ல.”

நான் கேட்டது கப்பல் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று. கப்பல் வேறு, பெட்டி வேறு என்று மாதாவிடம் நான் பிரித்துச் சொல்லவில்லை.